நான்காம் சோதனை அறை, ஒரகடம்

தாளில் இருப்பது:
மூன்று சிலிண்டர். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு சிசி.
நூற்றுப் பதினெட்டுக் குதிரை.
நூற்று எழுபத்திரண்டு நியூட்டன் மீட்டர்,
அதுவும் ஆயிரத்து ஐந்நூறு சுற்றிலேயே என்று
தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.
அதாவது கத்திப்பாராவில் தண்ணி லாரிக்குப் பின்னால் ஊர்ந்து
இடைவெளி தெரிந்ததும் மிதித்தால்
ஒரு மூச்சு யோசித்துவிட்டு
முதுகில் கை வைத்துத் தள்ளும்.
அந்த ஒரு மூச்சைத் தாளில் போடுவதில்லை.

இந்த எஞ்சின் கத்திப்பாராவைப் பார்த்ததில்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நான்கு போல்ட்டில் கட்டுண்டு நிற்கிறது.
சக்கரம் இல்லை, ஹாரன் இல்லை,
கணக்குப்படி உலகத்தை ஒன்றரைச் சுற்று
சுற்றி முடித்துவிட்டது.
நான் பெருங்களத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில்
இருபத்தேழு கிலோமீட்டர் வருவதற்குள்
இரண்டு முறை தூங்கி விழிக்கிறேன்.

இரவு ஷிஃப்டில் ஒரு முறையாவது
அறை விளக்கை அணைத்துப் பார்ப்போம்.
வேலைக்கு அது தேவையே இல்லை.
முழுச் சுமையில் டர்போவின் கூடு
முதலில் செங்கல்,
அப்புறம் இஸ்திரிப் பெட்டியில் விசிறிவிட்ட கரி.
உள்ளங்கைக்குள் அடங்கும் சக்கரம்,
நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று.
தான் கக்கிய புகையை வைத்தே
தன் அடுத்த மூச்சை இழுத்துக்கொள்ளும்.
தணிகாசலம் அதற்கு வைத்த பெயர் மீட்டர் வட்டி.
"கேட்டவுடனே குடுக்கும் சார்,
அப்புறம் வீட்டு வாசல்ல வந்து நிக்கும்."

வந்து நின்றது
அறுநூற்றுப் பன்னிரண்டாவது மணியில்.
அதிகாலை மூன்று நாற்பது. எண்ணெய் அழுத்தம் சரிந்தது.
ஒரு விசில், பிறகு விசில் இல்லை,
நீலப் புகை.

பிரித்தபோது தண்டு தள்ளாடியது.
எண்ணெய்க் குழாய்க்குள்
தீய்ந்த தோசைக்கல் விளிம்பு மாதிரி
ஒரு கருப்பு.
புனேயிலிருந்து போன்: வடிவமைப்புக் கோளாறா?
சப்ளையரா? இருபது சதவீத எத்தனாலா?

ரெஹானா எதுவும் சொல்லாமல்
வரைபடத்தை என் பக்கம் திருப்பினாள்.
பதினொரு இடங்களில் கோடு
கிணற்றில் போட்ட கல்லாக நேரே கீழே.
பதினொன்றும் காலை ஆறு மணி.
பதினொன்றும் என் ஷிஃப்ட்.

எண்ணெய் அளவு பார்க்க நிறுத்தும் முன்
இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும், அதுதான் விதி.
பஸ் ஆறு பத்துக்கு.
கையெழுத்துப் போட்டு, கேட் வரை நடந்து,
செக்யூரிட்டிக்குப் பையைத் திறந்து காட்டி...
இரண்டு நிமிடம் என்பது எனக்கு ஜன்னல் சீட்.
எஞ்சின் நின்றதும் எண்ணெய் நின்றுவிடும்.
சக்கரம் நிற்காது.
போக இடமில்லாத சூடு
அங்கேயே உட்கார்ந்து எண்ணெயைக் கருக்கும்.

காரணம் என்ற கட்டத்தில்
என் பெயரை எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன்.
ரெஹானா வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னாள்:
"சிறுசேரியில லேட்டா வந்து
கார்டு தேய்க்க ஓடுறவன்
ரெண்டு நிமிஷம் வெயிட் பண்ணுவானா?
அறுநூறு மணி நேரத்துல
நிஜமா ஓட்டின மாதிரி ஓட்டினது
உன்னோட அந்தப் பதினொண்ணுதான்."

எனக்கு மெமோ வந்தது.
எஞ்சினுக்குத் தண்ணீரால் குளிரும் கூடு வந்தது,
நின்ற பிறகும் ஓடும் ஒரு சின்ன பம்ப் வந்தது.
சோதனைப் பட்டியலில் புது வரி:
முழுச் சூட்டில் நிறுத்தம், ஆயிரம் முறை.

இப்போது அதுதான் என் வேலை.
கரி சிவந்து நிற்கும்போது
சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும்.
முந்நூற்று நாற்பத்தொன்று முடிந்திருக்கிறது.
விதிப்படிதான் அமுக்குகிறேன்.
இருந்தாலும் ஒவ்வொரு முறையும்
கட்டைவிரல் ஒரு மூச்சு யோசிக்கிறது.
அதற்குத் தாளில் கட்டம் இல்லை.